பதினேழாவது குரல்

சேவூர்
9-2-2025

சென்னிமலை ஆண்டவன் கூடவே இருக்கட்டும்.

அன்புள்ள ஜெயசுதாவுக்கு அத்தை ஞானாம்பாள் எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. உனக்கும் மாப்பிள்ளை வேல்குமாருக்கும் குட்டி வர்ஷினிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? ராயபுரத்துக்கும் சேவூருக்கும் ஒரு மணி நேர பஸ் தூரம். இருபத்தாறு வருஷமாக அந்த பஸ் உன் கண்ணில் படவே இல்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் மண்டபத்தில் பார்க்கிறோம். சாப்பிட்டாயா என்று நான் கேட்பதற்குள் நீ கை கழுவப் போய்விடுகிறாய். நான் போன் வைத்துக்கொள்வதில்லை என்று உனக்குத் தெரியும். அதில் வருகிற குரல் பிழிந்து போட்ட துணி மாதிரி இருக்கிறது. நீயும் கடிதமாகவே பதில் போடு.

விஷயம் இதுதான். மருதாசலம் என்று உனக்கு முந்தின செட் பையன், கேள்விப்பட்டிருப்பாய். இப்போது அவினாசி ரோட்டில் சொந்தக் கம்பெனி வைத்திருக்கிறான். நம்முடைய கோடைப் பாட்டு முகாமை வருகிற மே மாதம் அதே பஞ்சு குடோனில் திரும்ப நடத்தப் போகிறானாம். என்னைக் கேட்கவில்லை, சொன்னான். "டீச்சர், நீங்க வந்து உக்காந்தாப் போதுமுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறனுங்க" என்றான். முகாமின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாகவும் போட வேண்டுமாம்.

எழுத உட்கார்ந்தேன். 81-இல் உங்கள் ராயபுரத்துச் சந்தில், வெளியே பூட்டிய கதவுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை பாடியதில் ஆரம்பித்தேன். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் கோடை லீவில் பிள்ளைகளை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டுப் போன காலம் அது. இருபத்திரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். "பாட்டு டீச்சருக்கு மண்டை கிண்டை கழண்டு போச்சா?" என்றார்கள். யார் பிள்ளை யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பார்த்துவிட்டு நாலு பேர் தங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிப் போனார்கள். அடுத்த வருஷம் அந்த நாலு பேரும் முதல் ஆளாக வந்து நின்றார்கள். இப்படிப் பத்தொன்பது முகாம்.

வருகைப் பாட்டுக்கு மட்டும் நாலு பக்கம் ஆகிவிட்டது. நம் முகாமில் பெயர் எழுதிய ரிஜிஸ்தர் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலு சுரம், அதில் தனக்குப் பிடித்த ஒரு சொல். மருதாசலத்துக்கு 'எண்ணெப் பரோட்டா', உனக்குத் 'தேங்கா பன்னு'. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வரிசைப்படி தன் குரலைப் பாடினால் அது ஒரு முழுப் பாட்டு. ஒரு பிள்ளை இல்லாவிட்டால் பாட்டு நொண்டும். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று மூன்று வேளை. மருதாசலம் முதலில் கேட்டதே அதைத்தான். வேண்டாமப்பா, ரிஜிஸ்தர் போட்டுக்கொள் என்றேன். ஏன் டீச்சர் என்றான். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன்.

99-ஆம் வருஷத்துப் பக்கம் மட்டும் காலியாக இருக்கிறது. அந்தக் கடைசி முகாமில் இருந்த பிள்ளைகளில் எழுதத் தெரிந்தவள் நீ. கவிப்பிரியாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். ஒரு பக்கம் போதும் கண்ணு.

உன் பதிலுக்காகத் தபால்காரனைப் பார்த்திருக்கும்
அத்தை ஞானாம்பாள்


ராயபுரம், திருப்பூர்
3-3-2025

அன்புள்ள அத்தைக்கு ஜெயசுதாவின் வணக்கம். இங்கே எல்லாரும் சௌக்கியம். உங்கள் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். செக்கிங்கில் முப்பது பெண்களுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு ஓட்டை பனியன் தப்பிப் போனாலும் என் தலைதான் உருளும்.

99-ஐப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை அத்தை. பதினோரு வயது. எல்லாருக்கும் தெரிந்ததுதானே எனக்கும் தெரியும்? மத்தியான வருகைப் பாட்டில் கவிப்பிரியா இருந்தாள். அதற்கப்புறம் கேட்டைத் தாண்டி எங்கேயோ போய்விட்டாள். சாயங்காலம் பாட்டு நொண்டியபோதுதான் தெரிந்தது. மறுநாள் முள்ளுக்காட்டுக் கிணற்றில் கிடைத்தாள். பேப்பரிலேயே இப்படித்தான் வந்தது. அதையே போட்டுவிடுங்கள். என்னை விட்டுவிடுங்கள்.

வருகைப் பாட்டு வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ரொம்ப சரி. எங்கள் கம்பெனியில் விரல் வைக்கிற மெஷின் இருக்கிறது, அது தப்பே பண்ணாது. மருதாசலம் அண்ணனை அதை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். அவசியம் சொல்லுங்கள்.

வர்ஷினியை முகாமுக்குக் கேட்பீர்களோ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அவளுக்குப் பாட்டே வராது. என்னைப் போல.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிடும்
ஜெயசுதா


சேவூர்
14-3-2025

முருகன் அருள் முன்னிற்கட்டும்.

கண்ணு ஜெயசுதா, கடிதம் கிடைத்தது. தைலம் தேய்க்கிறேன், அது முட்டிக்குக் கேட்கவில்லை. அது கிடக்கட்டும். வர்ஷினிக்குப் பாட்டே வராதா? யாரிடம் கதை விடுகிறாய்?

போன ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அவளைக் கூட்டிக்கொண்டு குடோனுக்கே வந்துவிட்டார். பாரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. "ஏனுங்க பெரியம்மா, இவ அம்மாதான் வாயே திறக்க மாட்டேங்கிறா, புள்ளையாவது பாடட்டுமுங்க" என்றார். பிள்ளை பாடினாள். பாடி முடித்துவிட்டு மருதாசலம் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டினாள். அவன் மேனேஜர் இருமுகிற மாதிரி இருமினாள். குடோனே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். வயசாகிறது இல்லையா.

வருகைப் பாட்டு உண்டு என்று மருதாசலம் ஒரே பிடியாக நிற்கிறான். அதைக் கேட்டுத்தான் பாதிப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்களாம். பெயர்ப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். வர்ஷினி பதினேழாவது.

முத்தாத்தாள் உன்னை விசாரித்தாள். அன்றைக்குச் சமையல் பார்த்துக்கொண்டு கேட்டிலும் காவல் இருந்தவளே, அவள்தான். எனக்கு மாவாட்டித் தந்துவிட்டுப் போகிறாள். முகாமில் மறுபடி சமைக்கட்டுமா என்று கேட்டாள். மருதாசலம் முகத்துக்கு நேராகவே, "வேண்டாமுங்க ஆத்தா, நீங்க தூங்கினதாலதான் அன்னைக்கு ஒரு உசுரு போச்சு" என்று சொல்லிவிட்டான். அவள் என்னைப் பார்த்தாள். நான் மாவுச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அத்தை


ராயபுரம்
18-3-2025

அத்தைக்கு வணக்கம். உங்கள் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது, உடனே எழுதுகிறேன். நலம் விசாரித்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

வர்ஷினியை நீங்கள் சேர்த்துக்கொள்ளக் கூடாது. இடமில்லை என்று சொல்லிவிடுங்கள். வயசு பத்தாது என்று சொல்லுங்கள், குரல் சரியில்லை என்று சொல்லுங்கள், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் சொன்னால் இங்கே எடுபடவில்லை. வேண்டாம் என்றதற்கு அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இவரோ, "காரணத்தைச் சொல்லு, விட்டுடறேன்" என்கிறார். நான் என்ன காரணத்தைச் சொல்வேன்?

அப்படியே வந்தாலும் பதினேழு வேண்டாம் அத்தை. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். கிணற்றை மூடினார்களா? குடோனுக்குப் பின்பக்க வேலியில் ஒரு ஆள் நுழைகிற அளவு சந்து இருக்குமே, அதை அடைத்தார்களா? பிள்ளைகளைத் தலையைத் தொட்டு எண்ணச் சொல்லுங்கள். பாட்டை நம்பவே நம்பாதீர்கள்.

நேற்று கம்பெனியில் கரண்ட் போய் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. அந்த அமைதியில் எனக்கு உடம்பெல்லாம் உதறல் எடுத்து, பக்கத்துப் பெண் பிடித்து உட்கார வைத்தாள். கீழே கிடந்த நூல் கோனில் கால் தடுக்கியது என்று சொல்லிச் சமாளித்தேன்.

முத்தாத்தா என்னை என்னவென்று விசாரித்தார்கள்?

ஜெயசுதா


சேவூர்
6-4-2025

கண்ணு ஜெயசுதா, உன் கடிதத்தை இரண்டு வாரத்துக்கு மேல் தலையணைக்கடியில் வைத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். மெஷின் நின்றால் ஆள் விழுகிறதா? டாக்டரைப் பார்.

நீ கேட்டதற்கெல்லாம் பதில். கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டிருக்கிறார்கள். நானே கோலை ஊன்றிக்கொண்டு போய் அழுத்திப் பார்த்துவிட்டு வந்தேன். பின்பக்க வேலிச் சந்தைக் கல் வைத்துக் கட்டச் சொல்லியாயிற்று. அந்தச் சந்து எனக்கே அன்றைக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கிறது.

வர்ஷினியைச் சேர்க்காதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. என்னிடமும் மருதாசலம் காரணம் கேட்பான். பதினேழாம் இடத்தை யாருக்கும் கொடுக்காதே, காலியாக விடு என்றேன். கவிப்பிரியாவின் நினைவுக்காகவா டீச்சர் என்று கண்ணில் தண்ணீர் விட்டான். ஆமாம் என்றேன். வர்ஷினி இப்போது பதினெட்டு.

முத்தாத்தாள் எப்போதும் கேட்பதைத்தான் கேட்டாள். "ஜெயா கண்ணு பாடுதுங்களா?"

நீ ஏன் இப்படிப் பயப்படுகிறாய் என்று நான் கேட்கவில்லை. எழுத முடிந்தால் எழுது. முடியாவிட்டால் வேண்டாம்.

அத்தை


கோடைப் பாட்டு முகாம், சேவூர்
4-5-2025, ஞாயிறு

அம்மா! நான் நல்லா இருக்கேன். நீயும் அப்பாவும் நல்லா இருக்கீங்களா? போனெல்லாம் வாங்கி பிஸ்கட் டப்பாவுல போட்டு வெச்சுட்டாங்க. ஞாயிற்றுக்கிழமை லெட்டர் மட்டும்தான். இங்கே சாப்பாட்டுல தினமும் ரசம். மத்தபடி சூப்பர்.

என்னோட குரல் 'மாங்கா ஊறுகா'. எனக்கு முன்னாடி பதினேழுல யாரும் இல்லை. அங்கே நாலு எண்ணிக்கை சும்மா விட்டுட்டுத்தான் நான் ஆரம்பிக்கணும். யார் இடம்னு டீச்சரம்மாயிகிட்டே கேட்டேன். அவங்க எந்திரிச்சுத் தண்ணி குடிக்கப் போயிட்டாங்க.

ஒரு ரகசியம். எனக்கு நாற்பது பேர் குரலும் வந்துருச்சு! அனுப்ரியான்னு ஒரு ஃப்ரெண்டு, அவளுக்குக் குன்னத்தூர். அடுத்த வாரம் அவ தம்பிக்குப் பொறந்தநாள், ஊட்டுக்குப் போயிட்டு வரணும்னு அழுதா. லீவு தர மாட்டாங்க. எல்லாரும் கண்ணை மூடிட்டுத்தானே இருப்போம், உன் குரலை நான் பாடிடறேன், யாருக்கும் தெரியாது, நீ போயிட்டு வந்துருன்னு சொல்லியிருக்கேன். டீச்சரம்மாயிகிட்டே சொல்லிடாதே.

நிறைய முத்தம்,
வர்ஷினி


ராயபுரம்
7-5-2025

அத்தை,

இதை இவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் வருகிற வரைக்கும் நான் உயிரோடு இருக்க மாட்டேன்.

காலையில் வர்ஷினியின் கடிதம் வந்தது, அதையும் உள்ளே வைத்திருக்கிறேன், படியுங்கள். உடனே மருதாசலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். குன்னத்தூர் அனுப்ரியா இருக்கிறாளா என்று பாருங்கள் என்றேன். அவர் சிரித்தார். "இப்பத்தானுங்க வருகைப் பாட்டு முடிஞ்சுது, எல்லாப் புள்ளைகளும் இருக்குதுங்க, நீங்க பயப்படாதீங்க." அய்யோ அத்தை, அன்றைக்கு நீங்கள் சொன்ன அதே வார்த்தை. பாட்டை விடுங்கள், போய்த் தலையை எண்ணுங்கள், நான் லைனிலேயே இருக்கிறேன் என்று கத்தினேன். செக்கிங் டேபிள் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அவர் போய் எண்ணினார். ஒவ்வொன்றாக எண்ணுவது போனில் கேட்டது. நாற்பது. அனுப்ரியாவும் இருந்தாள்.

பெர்மிஷன் போட்டுவிட்டு நானே கிளம்பினேன். அவினாசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். சேவூர் பஸ் மூன்று போய்விட்டது. என்னால் ஏற முடியவில்லை. திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

கவியின் குரல் 'ரோஸு பலூனு'. அவள் அப்பா திருவிழாவில் பலூன் விற்பவர், அம்மாவை விட்டுப் பிரிந்து போனவர். அன்றைக்கு அவினாசித் தேர். அப்பா கட்டாயம் வருவார், ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள். முதல் நாளே வேலிச் சந்தைப் பார்த்து வைத்திருந்தாள். முள்ளுக்காட்டுக் குறுக்கு வழியில் போனால் மெயின் ரோட்டில் பஸ் ஏறிவிடலாம். "உனக்குத்தான் என் குரல் வருமே, பாடிடு ஜெயா, மத்தியானத்துக்குள்ள வந்துருவேன்" என்றாள். காலை வருகைப் பாட்டுக்கு முன்பே போய்விட்டாள் அத்தை. மத்தியானத்துக்குப் பிறகு இல்லை. விடிந்ததுமே.

எட்டு எட்டுப் பேராக வரிசை. நான் ஒன்பது. அவள் எனக்கு நேர் பின்னால், பதினேழு. எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். என் முறையில் தேங்கா பன்னு பாடினேன். அவள் முறை வந்ததும் தலையைப் பின்னால் திருப்பி ரோஸு பலூனு பாடினேன். அவளுக்கு இளைப்பு உண்டு, பலூனுக்கு முன்னால் ஒரு மூச்சு வாங்குவாள். அதையும் வாங்கினேன். நீங்கள் கண்ணை மூடியபடியே சிரித்தீர்கள். "எல்லாரும் இருக்கீங்க" என்றீர்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

பாட்டு கற்கும் நேரத்தில் அவள் குழுவில் கேட்டவர்களிடம் வயிற்றுவலி, படுத்திருக்கிறாள் என்றேன். மத்தியானமும் பாடினேன். சாயங்காலம் என்னால் முடியவில்லை.  பாட்டு அங்கே நின்றது, நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள்.

மத்தியானம் வரை இருந்த பிள்ளை என்று நினைத்துத்தானே குடோனைச் சுற்றியே தேடினார்கள்? காலையிலேயே காணோம் என்று தெரிந்திருந்தால் முள்ளுக்காட்டுப் பக்கம் போயிருப்பார்களா? கிணற்றில் அவள் எத்தனை நேரம் இருந்தாள்? கூப்பிட்டாளா? பாடினாளா? இந்த இருபத்தாறு வருஷத்தில் நான் ஒரு தாலாட்டு கூடப் பாடவில்லை. வாயைத் திறந்தால் முதலில் அவள் குரல் வந்துவிடுமோ என்று பயம்.

"கேட்டைத் தாண்டி ஒரு எறும்பு போகலீங்க சாமி, மத்தியானச் சோத்துக்கே ஒரு தட்டு மிஞ்சுச்சுங்க" என்று முத்தாத்தா மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதார்கள். பாட்டு முழுசாக இருந்ததே, நீதான் தூங்கிவிட்டாய் என்றார்கள். நான் உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் காதை ஏமாற்றினேன். உங்கள் முகாமைக் கெடுத்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். வர்ஷினியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெயசுதா


சேவூர்
10-5-2025

கண்ணு,

முதலில் பிள்ளை. வர்ஷினியையும் அனுப்ரியாவையும் உட்கார வைத்துக் கவிப்பிரியாவின் கதையைச் சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. இரண்டும் அழுதன. பிறந்தநாளன்று அனுப்ரியாவின் தம்பியை இங்கேயே கூட்டிவரச் சொல்லியாயிற்று. இனி வருகைப் பாட்டுக்கு யாரும் கண்ணை மூடுவதில்லை. ஒரு பிள்ளை பாடும்போது பக்கத்துப் பிள்ளை அவள் தோளைத் தொட்டிருக்க வேண்டும். மருதாசலம் ஏன் என்று கேட்டான். பிடிக்கவில்லையென்றால் முகாமே நடத்தாதே என்று ஒரு அதட்டல் போட்டேன். வரிசையை மாற்றி உட்கார வைக்கப் போய்விட்டான்.

இனி உனக்கு.

நீ என் காதை ஏமாற்றவில்லை. ஏமாற்ற முடியாது. காலையில் 'ரோஸு பலூனு' வந்தது, மூச்சும் வந்தது, எல்லாம் அச்சு அசல் கவிப்பிரியா. ஆனால் சத்தம் வந்த இடம் ஒரு வரிசை முன்னால் இருந்தது. நீதான் என்று அந்த நொடியே எனக்குத் தெரியும்.

நான் சிரித்தது அதனால்தான். என் அண்ணன் மகளுக்குப் பதினோரு வயதில் இப்படி ஒரு காதா, இப்படி ஒரு தொண்டையா என்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண்ணைத் திறந்தால் உன்னைத் திட்ட வேண்டும். திட்டினால் நீ இனிமேல் செய்ய மாட்டாய். கவி எங்கேயாவது முகம் கழுவிக்கொண்டிருப்பாள், தோழிகள் விளையாடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. மத்தியானப் பாட்டின்போது அடித்த வெயிலுக்குக் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன், கவனிக்கவில்லை.

போலீஸ்காரர் வந்து, மத்தியானம் இருந்தாளா என்று கேட்டார். நீ என் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாய். இருந்தாள் என்று சொன்னேன். உனக்காகச் சொன்னேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். காலையில் தெரிந்தும் ஏன் சும்மா இருந்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம்தான் பெரிசாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கப்புறம் முகாமை நிறுத்தினேன். துக்கத்தால் என்று எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள். நானும் கேட்டுக்கொண்டேன்.

உன் அத்தை


ராயபுரம்
15-5-2025

அத்தைக்கு,

கடிதம் வந்தது. மூன்று நாள் அதைத் திறந்து திறந்து மூடினேன். எனக்குக் கோபம் வருகிறது. பதினோரு வயதிலிருந்து ஒருத்தி தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டிருக்கிறாள், நீங்கள் மண்டபத்துக்கு மண்டபம் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நானும்தான் சொல்லியிருக்கலாம். அதனால் கோபம் அங்கேயே நின்றுவிடுகிறது.

நம் இரண்டு பேருக்கும் இடையில் முத்தாத்தா மாவாட்டிக்கொண்டிருக்கிறார்கள் அத்தை.  18-ஆம் தேதி முகாம் முடிகிறது. வர்ஷினியைக் கூட்டிப் போக நானே வருகிறேன். இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றார். பிறகு, "பஸ் ஏறும்போது கையைப் பிடிச்சுக்கறேன், வா" என்றார். முத்தாத்தா வீட்டுக்குப் போக வேண்டும். நீங்களும் வாருங்கள்.

ஜெயசுதா


ராயபுரம்
25-5-2025

அன்புள்ள அத்தைக்கு ஜெயசுதாவின் வணக்கம். முட்டி எப்படி இருக்கிறது? அன்றைக்கு அவ்வளவு தூரம் நடந்தது வலித்திருக்கும்.

நீங்கள் முத்தாத்தா வீட்டுத் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டீர்கள். நான் திரும்பி வந்ததுமே பஸ் வந்துவிட்டது. உள்ளே நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். உங்களுடையதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காலில் விழப் போனேன், காலை இழுத்துக்கொண்டார்கள். திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. முறத்தில் இருந்த அரிசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"அப்ப நான் தூங்கலீங்களா கண்ணு?"

இல்லீங்க ஆத்தா என்றேன்.

"எல்லாரும் சொல்லிச் சொல்லி, எம் மகனும் அதையே சொல்லி, கண்ணசந்துதான் போயிட்டேனாட்டம் இருக்குதுன்னு நானே நம்பிட்டேன் சாமி. அந்தப் புள்ளை என்னைத் தாண்டிப் போறாப்பல கனாக்கூடக் கண்டிருக்கேன். பாவாடை நிறமெல்லாம் தெரிஞ்சுது."

அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நீங்கள் கேட்ட பக்கத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். கவியின் அம்மா குன்னத்தூரில் இருப்பதாக விசாரித்து வைத்திருக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் அவர்களிடம் சொல்ல வேண்டும். ஜூன் 8, ஞாயிறு போகலாம்.  வருகிறீர்களா?

ஜெயசுதா

(இணைப்பு)
1999. பத்தொன்பதாவது முகாம். முப்பத்து நாலு பிள்ளைகள். பதினேழாவது பிள்ளை கவிப்பிரியா, வயது பதினொன்று, குரல் 'ரோஸு பலூனு'. தேர் அன்று விடிந்ததும் அப்பாவைப் பார்க்கப் பின்பக்க வேலி வழியாகப் போனாள். வழியில் கிணற்றில் விழுந்து இறந்தாள். அன்று காலையும் மத்தியானமும் வருகைப் பாட்டில் அவள் குரலைப் பாடியது ஒன்பதாவது பிள்ளையான ஜெயசுதா. காலையில் பாடியது அவள் இல்லை என்று டீச்சருக்குத் தெரியும். கேட்டில் காவல் இருந்த முத்தாத்தாள் தூங்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை.


சேவூர்
2-6-2025

கண்ணு ஜெயசுதா,

முருகன் பெயரை எழுதி ஆரம்பிக்க இன்றைக்கும் கை வரவில்லை. கடிதமும் பக்கமும் கிடைத்தன. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். குன்னத்தூர் பஸ் நிற்கிற இடத்தில் ஏழு மணிக்கே நிற்பேன். இந்த முறை தெரு முனையில் நின்றால் பிடித்து இழுத்துக்கொண்டு போ.

பக்கம் நன்றாக எழுதியிருக்கிறாய். ஒரு வரி மட்டும் தப்பு. நீ என் கடிதத்தை நம்பி எழுதினாய், அதனால் தப்பு என்னுடையது. 'காலையில்' என்பதை 'காலையிலும் மத்தியானமும்' என்று திருத்து.

மத்தியானம் நான் கண்ணயரவில்லை. மத்தியானமும் சத்தம் ஒரு வரிசை முன்னால் இருந்துதான் வந்தது. உன் குரல் நடுங்கியது.  இப்போது கண்ணைத் திறந்தால் காலையில் ஏன் திறக்கவில்லை என்று கேட்பார்களே என்று பயந்து, வந்துவிடுவாள், வந்துவிடுவாள் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாப்பாடு முடிந்ததும் முத்தாத்தாள் என்னிடம் வந்தாள். ஒரு தட்டு மிஞ்சுதுங்க டீச்சர் என்றாள். பாட்டில் எல்லாரும் இருந்தார்கள் போ என்றேன். அவள்தான் தூங்கிவிட்டாள் என்று எல்லாரும் சொன்னபோது பேசாமல் இருந்தேன். உன்னிடம், தூங்கியது நான் என்று எழுதினேன்.

இன்று காலை அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று சொன்னேன். "தட்டு மிஞ்சுதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே டீச்சர்" என்றாள். ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள். நாளையிலிருந்து மாவுக்கு வர மாட்டாள் என்று நினைக்கிறேன்.

வரியைத் திருத்தி நீயே மருதாசலத்திடம் நேராகக் கொடுத்துவிடு. என் கைக்கு அனுப்பாதே. இந்த வயதிலும் மறுபடி மாற்றி எழுதிவிடுவேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞானாம்பாள்